எலிக்கு வைத்த நஞ்சு

தை மாதம் பிறந்து காலபோக நெல்லை வெட்டிக் காயவிட்டு மூட்டை கட்டி வீட்டுக்குள் ஏற்றிய கையோடு எலியும் கூடவே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. கரவெட்டியில் எங்கள் வளவின் கோடிப்பக்கத்தில் ஒரு குடும்பம் கொட்டில் போட்டு இருக்கிறது. 1990 ஆம் ஆண்டு ஆனி மாதம் வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர்கள். முகாம், உறவினர் வீடு, வாடகைக் காணி என்று பல இடங்கள் மாறி இங்கு வந்து சேர்ந்தவர்கள். குத்தகைக்கு எடுத்த வயலில் நெல்லும் ஒரு தோட்டத் துண்டில் வெங்காயமும் செய்கிறார்கள். நான்கு ஆடுகள், சில கோழிகள், ஒரு பூனை, ஒரு நாய். நாயின் பெயர் வெள்ளையன்.

2025 தை மாதத்தில் எலித் தொல்லை பொறுக்க முடியாமல் சந்தைப் பக்கத்துக் கடையொன்றில் எலிமருந்து வாங்கினார்கள். கடைக்காரர் பெரிய பையொன்றிலிருந்து நீல நிறக் கட்டிகளில் ஒரு கைப்பிடியை எடுத்துக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தார். அதில் மருந்தின் பெயரும் இல்லை, பாவிக்கும் முறையும் இல்லை. கட்டிகளை மூட்டைகளுக்குக் கீழும் அடுப்படி மூலையிலும் போட்டார்கள். ஒரு கிழமைக்குள் எலிகள் செத்து விழத் தொடங்கின. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த கிழமை பூனை மூட்டை அடுக்கின் கீழ் செத்துக் கிடந்தது. வயது போன பூனைதானே என்று புதைத்துவிட்டார்கள்.

இன்னும் நாலு நாள் கழித்து வெள்ளையன் சோற்றைத் தொடவில்லை. எழும்பி நடக்கச் சோர்வு. இருமியது. பிறகு மூக்கால் இரத்தம் கசிந்தது. அப்போதுதான் அந்தத் தாய் எங்களிடம் ஓடி வந்தார். "நாய்க்கு ஒண்டும் வைக்கேல்லை. எலிக்கெண்டுதான் வைச்சனாங்கள்" என்று அழுதார்.

நாயைச் சாக்கில் கிடத்தி முச்சக்கர வண்டியில் கால்நடை வைத்தியரிடம் கொண்டு போனோம். அவர் கேட்ட முதற் கேள்வி, "என்ன மருந்து வைச்சனீங்கள்?" என்பது. "தெரியாதையா, நீலக் கட்டி" என்பதைத் தவிர எங்களிடம் பதில் இல்லை. நல்ல வேளையாக, சில நாட்களுக்கு முன் நாயின் மலத்தில் நீல நிறம் கலந்திருந்ததை அந்த வீட்டுப் பையன் கண்டிருந்தான். அதை அவன் சொன்னான். வைத்தியர் நாயின் உதட்டைத் தூக்கி முரசைப் பார்த்தார். வெள்ளைத்துணி போல வெளிறியிருந்தது. உடனே ஊசி போட்டு, நான்கு கிழமைக்குக் குளிசை எழுதித் தந்தார். வெள்ளையன் பிழைத்துவிட்டது. பூனையைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

இப்படியான சம்பவம் எங்கள் வளவில் மட்டும் நடப்பதல்ல. எலிமருந்து வைக்கும் எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது. ஆகவே இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

ஏன் இவ்வளவு எலிமருந்து?

எலிக்கு நஞ்சு வைப்பவர்களைக் குறை சொல்வது எங்கள் நோக்கமல்ல. எலி தின்பதை விடக் கழிப்பதாலும் கடிப்பதாலும் பாழாக்குவதே கூடுதல். சாக்கு, உடுப்பு, மின்சார வயர், வெங்காயப் பிடி, விதை நெல் எதையும் அது விட்டுவைப்பதில்லை. பெண் எலி சினைப்பட்டு மூன்று கிழமையில் குட்டி போடும். ஒரு தடவைக்கு ஆறு, ஏழு குட்டிகள். அந்தக் குட்டிகளும் சில மாதங்களில் குட்டி போடத் தொடங்கிவிடும்.

இதற்கு மேல் காய்ச்சற் பயமும் சேர்ந்துகொண்டது. 2024 கார்த்திகை இறுதியில் பெஞ்சல் புயலோடு வந்த பெருமழையில் குடாநாட்டின் வயல்களும் வீடுகளும் வெள்ளத்தில் நின்றன. அதைத் தொடர்ந்து மார்கழியில் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு காய்ச்சல் பரவிச் சில உயிர்களைக் கொண்டு போனது. அது எலிக்காய்ச்சல் என்று பின்னர் தெரியவந்தது. நோய் கண்ட இடங்களில் கரவெட்டியும் பருத்தித்துறையும் இருந்தன. எலியின் சிறுநீரோடு வெளியேறும் கிருமி, வெள்ளத்திலும் சேற்றிலும் கலந்து, காலிலுள்ள புண் வழியாக உடலுக்குள் போவதால் இந்நோய் வருகிறது. இதன் பின் எலிமருந்து வாங்காத வீடு குறைவு.

ஆனால் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். நஞ்சு வைத்து மட்டும் எலிக்காய்ச்சலைத் தடுக்க முடியாது. புண்ணோடு வயலில் இறங்காமை, இறங்கத்தான் வேண்டுமானால் புண்ணை மூடிக் கட்டுதல், சப்பாத்து அணிதல், கொதித்தாறிய நீரைக் குடித்தல், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் தடுப்புக் குளிசை பெறுதல் ஆகியனவே முதற் பாதுகாப்பு. நாயும் மாடும் கூட இக்கிருமியைக் காவக் கூடியவை என்பதால் அவற்றின் சிறுநீர் தேங்கும் இடத்தையும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்.

ஒரே கூரையின் கீழ்

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பார்கள் நம் பெரியவர்கள். இடம்பெயர்ந்தவர்களுக்கு அந்தப் பழமொழியின் அருமை தெரியும். சொந்த வீட்டில் நெல்லுக்கு ஓர் அறை, சமையலுக்குக் குசினி, மாட்டுக்குக் கொட்டில், மருந்துக்குப் பூட்டிய அலுமாரி என்று எல்லாவற்றுக்கும் தனி இடம் இருந்தது. இடம்பெயர்ந்த வாழ்க்கையில் இவை எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டன. நெல் மூட்டைக்கு நாலடி தள்ளிப் பிள்ளைகள் படுக்கிறார்கள். அதற்கு நாலடி தள்ளி நாய் படுக்கிறது. இந்த இடத்தில் எலிக்கு மட்டும் என்று ஒரு மூலை கிடையாது. பெரிய வீட்டுக்காரர் வைப்பது போல நாமும் நஞ்சு வைத்தால் ஆபத்து பல மடங்கு.

இன்னொன்றும் உண்டு. 1995 ஐப்பசி 30 ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்தபோது எத்தனையோ வீடுகளில் நாயும் பூனையும் படலையடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றைக் கொண்டுபோக முடியவில்லையே என்ற கவலை இன்றும் பலரது மனதில் உண்டு. திரும்பி வந்து, அல்லது வேற்றூரில் தங்கி, மறுபடி ஒரு குட்டியை எடுத்து வளர்த்தவர்களுக்கு அது வெறும் நாயல்ல. அது இரவில் ஆட்டைக் காக்கிறது, வெங்காயக் கொட்டிலைக் காக்கிறது, தனியே இருக்கும் தாய்க்குத் துணையாகவும் இருக்கிறது.

எலிமருந்தில் எத்தனை வகை?

கடைகளில் எல்லாவற்றையும் "எலிமருந்து" என்றே சொல்கிறார்கள். ஆனால் அவை வேலை செய்யும் விதம் வேறு வேறு. எது என்று தெரிந்தால்தான் பிராணியைக் காப்பாற்ற முடியும்.

முதலாவது, இரத்தம் உறையாமற் செய்யும் வகை. இதன் கதை கமக்காரரிடமிருந்தே தொடங்குகிறது. 1920 களில் கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவின் வட பகுதியிலும் பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் சிறு காயத்துக்கும் இரத்தம் நிற்காமற் செத்தன. 1933 மாசியில் விஸ்கொன்சின் மாநிலத்துக் கமக்காரர் ஒருவர் செத்த பசுவையும், உறையாத இரத்தம் நிரம்பிய பாற்கானையும் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலினூடே சுமார் 300 கிலோமீற்றர் தூரம் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கு கார்ள் லிங்க் என்ற ஆராய்ச்சியாளரும் அவரது குழுவினரும் சில ஆண்டுகள் உழைத்து அந்த வைக்கோலிலிருந்த பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதைப் பின்பற்றி உண்டாக்கப்பட்ட வார்பரின் 1948 இல் எலிநஞ்சாக விற்பனைக்கு வந்தது. இருதய நோயாளருக்கு வைத்தியர்கள் அளவாகக் கொடுக்கும் அதே வார்பரின்தான் இது.

வார்பரினைப் பல நாள் தொடர்ந்து தின்றால்தான் எலி சாகும். 1958 இல் ஸ்கொத்லாந்தில் அதற்கும் சாகாத எலிகள் காணப்பட்டன. எனவே புறோமடியலோன், புறோடிபக்கூம், புளோகூமபென் போன்ற கடுமையான நஞ்சுகள் வந்தன. இன்று நீலம், பச்சை, சிவப்பு நிறங்களில் மெழுகுக் கட்டியாகவும் தானியமாகவும் விற்கப்படுபவற்றுட் பெரும்பாலானவை இவையே. இவற்றை ஒரு தடவை தின்றாலே போதும். ஆனால் தின்ற எலி உடனே சாவதில்லை. மூன்று முதல் ஏழு நாள் வரை உயிரோடு திரியும். அந்த நாட்களில் திரும்பத் திரும்ப நஞ்சைத் தின்று, ஈரல் நிறைய நஞ்சோடு, தள்ளாடித் திரியும் எலி பூனைக்கும் நாய்க்கும் கூகைக்கும் இலகுவான இரையாகிறது.

இரண்டாவது, சிங்க் பொஸ்பைட் என்னும் கறுப்புச் சாம்பல் நிறத் தூள். உள்ளி மணம் போன்ற ஒரு மணம் இதற்கு உண்டு. வயிற்றுப் புளிப்போடு சேர்ந்ததும் நச்சு வாயுவாக மாறி, சில மணித்தியாலத்துக்குள் கொல்லும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. வயலில் அகிழானுக்கு வைப்பது பெரும்பாலும் இதுவே. இதை நம்மவர்கள் சோறு, தேங்காய்ப்பூ, கருவாட்டுத் தூள் ஆகியவற்றோடு பிசைந்து வைக்கிறார்கள். கருவாடு கலந்த சோற்றை எலியை விட முதலில் மோப்பம் பிடிப்பது நாய் அல்லவா?

மூன்றாவது, மஞ்சள் பொசுபரசு கலந்த பசை. இது ஈரலைச் சிதைக்கும். தமிழ்நாட்டில் இந்தப் பசையால் ஏராளமான மனித உயிர்கள் போனதால் அரசு இதன் விற்பனையைத் தடைசெய்ய நடவடிக்கை எடுத்தது. அங்கிருந்து யாராவது கொண்டு வந்து தந்தாலும் வீட்டுக்குள் எடுக்க வேண்டாம்.

இவை தவிர, பயிருக்கு அடிக்கும் பூச்சிநாசினியைச் சோற்றில் ஊற்றி எலிக்கு வைப்பவர்களும் இருக்கிறார்கள். இது மிகவும் பிழையான செயல். அந்த மருந்துகள் எலிக்காகச் செய்யப்பட்டவையல்ல. நாய், கோழி, காகம், பிள்ளை என்று தொட்டவர் எல்லோரையும் தாக்கும்.

நஞ்சு பிராணிக்குப் போகும் வழிகள்

நாய் கட்டியை நேரே தின்கிறது. புறோடிபக்கூம் கலந்த கட்டியில் ஏறக்குறைய 50 கிராம் தின்றாலே 10 கிலோ நிறையுள்ள நாயின் உயிருக்கு ஆபத்து வரலாம். குட்டி நாய்க்கு இதிலும் குறைவாகப் போதும். பூனை பெரும்பாலும் கட்டியைத் தொடாது. ஆனால் நஞ்சுண்ட எலிகளை நாளுக்கு நாள் பிடித்துத் தின்னும்போது அதன் ஈரலிலும் நஞ்சு சேருகிறது. கோழி, தானிய வடிவில் உள்ள நஞ்சைக் கொத்துகிறது. ஆடு, மூட்டைக்குக் கீழே தலையை விட்டு நக்குகிறது. எலி தானே கட்டியைத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்தில் போட்டுவிடுவதும் உண்டு. நாம் வைத்த இடத்தில்தான் நஞ்சு இருக்கிறது என்று நினைப்பது தவறு.

இதில் இன்னொரு நட்டமும் உண்டு. எலிக்கு வைத்த நஞ்சினால் பூனை செத்தால், மிச்சமிருக்கும் எலிக்குப் பயமில்லை. மூன்று கிழமைக்கு ஒரு தடவை பெருகும் எலி சில மாதத்தில் பழைய எண்ணிக்கைக்கு வந்துவிடும். ஒரு பூனைக்குட்டி எலி பிடிக்கப் பழகுவதற்கும் அவ்வளவு காலம் வேண்டும். எங்கள் வளவுக் குடும்பத்துக்கு நடந்தது இதுதான். சித்திரை பிறக்க முன்னரே எலி பழையபடி கூரையில் ஓடத் தொடங்கிவிட்டது.

எப்படி அறிவது?

இரத்தம் உறையாமற் செய்யும் நஞ்சென்றால் முதல் இரண்டு, மூன்று நாட்களுக்குப் பிராணி சுகமாகவே இருக்கும். அதனால்தான் ஏமாந்து போகிறோம். அதன் பின்பு சோர்வு, உணவில் வெறுப்பு, முரசு வெளிறுதல், இருமல், மூச்சு வாங்குதல், மூக்கிலோ முரசிலோ இரத்தம் கசிதல், கறுத்த மலம், தோலின் கீழ் வீக்கம், நொண்டுதல் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ தோன்றும். இரத்தம் நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் கசிவதால் வெளியே ஒரு துளியும் தெரியாமலே சாவதும் உண்டு.

சிங்க் பொஸ்பைட் என்றால் கால் மணித்தியாலத்திலிருந்து சில மணித்தியாலங்களுக்குள் வாந்தி, வயிற்றுநோ, நடுக்கம், வலிப்பு வரும். வாயில் உள்ளி மணமோ அழுகிய மீன் மணமோ அடிக்கும்.

உடனே செய்ய வேண்டியவை

நஞ்சைத் தின்றதைக் கண்டால் வருத்தம் தெரியும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வாயில் எஞ்சியிருப்பதைக் கையுறையோ பொலித்தீன் பையோ போட்டுக்கொண்டு எடுத்துவிட்டு, மிச்ச நஞ்சையும் அதன் பைக்கற்றையும் கையோடு எடுத்துக்கொண்டு, அண்மையிலுள்ள கால்நடை வைத்தியரிடம் போக வேண்டும். எப்போது, எவ்வளவு தின்றது, பிராணியின் நிறை எவ்வளவு என்பவற்றைச் சொல்ல வேண்டும். தின்று ஓரிரு மணித்தியாலத்துக்குள் போனால் வைத்தியர் நஞ்சை வெளியே எடுக்க வழி உண்டு.

நம்மிடையே சில கைமருந்துகள் உண்டு. உப்புத்தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைப்பது, பசுப்பால் கொடுப்பது, தேங்காய்ப்பால் கொடுப்பது. இவற்றைச் செய்ய வேண்டாம். உப்பு மிகுந்தால் அதுவே நாய்க்கு நஞ்சாகும். பொசுபரசுப் பசையை எண்ணெய்த்தன்மையான உணவு உடலுக்குள் இன்னும் வேகமாக ஏற்றிவிடும். சிங்க் பொஸ்பைட்டைத் தின்ற பிராணிக்கு உணவு கொடுத்தால் வயிற்றுப் புளிப்புக் கூடி நச்சு வாயுவும் கூடும். சோர்ந்து கிடக்கும் பிராணிக்கு எதைப் பருக்கினாலும் அது மூச்சுக் குழாய்க்குள் போகலாம்.

சிங்க் பொஸ்பைட் தின்ற நாய் வாந்தி எடுத்தால் அந்த வாந்தியிலிருந்து வரும் வாயு பக்கத்தில் நிற்பவரையும் தாக்கும். கதவு, யன்னலைத் திறந்துவிட்டு, பிள்ளைகளை விலக்கி, காற்றோட்டமான இடத்தில் நாயை வைத்திருக்க வேண்டும். வாகனத்தில் கொண்டு போகும்போதும் கண்ணாடிகளைத் திறந்தே வையுங்கள்.

இரத்தம் உறையாமற் செய்யும் நஞ்சுக்கு மாற்று மருந்து உண்டு. அது விற்றமின் கே1. புதிய வகை நஞ்சுகள் ஈரலில் நெடுநாள் தங்குவதால் இம்மருந்தைப் பெரும்பாலும் நான்கு கிழமை வரை, சிலவேளை அதற்கு மேலும் கொடுக்க நேரிடும். நாய் எழும்பி ஓடுகிறது, இனி மருந்து எதற்கு என்று ஒரு கிழமையில் நிறுத்தினால் திரும்ப இரத்தம் கசிந்து செத்துவிடும். வெள்ளையனுக்கும் பத்தாம் நாள் மருந்தை நிறுத்தப் பார்த்தார்கள். குளிசைக் காசு அந்தக் குடும்பத்துக்குச் சிறிய தொகையல்ல. ஆனாலும் வைத்தியர் சொன்னதை நினைத்துக் கடைசி நாள் வரை கொடுத்தார்கள்.

நஞ்சுண்டு செத்த கோழியையோ ஆட்டையோ கறியாக்கக் கூடாது. நஞ்சுண்ட ஆட்டின் பாலையும் வைத்தியர் அனுமதிக்கும் வரை பாவிக்க வேண்டாம். பிள்ளை ஒன்று தொட்டு வாயில் வைத்துவிட்டால் ஒரு நிமிடமும் தாமதியாமல் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள் அல்லது வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுங்கள்.

நஞ்சு வைக்காமல் எலியை ஒழிக்கலாமா?

முற்றாக முடியாவிட்டாலும் பெரும்பகுதியை நஞ்சில்லாமலே குறைக்கலாம். எலிக்கு வேண்டியவை மூன்று: உணவு, ஒதுக்கிடம், வழி. இம்மூன்றையும் அடைக்க வேண்டும்.

நெல் மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் முழங்கால் உயரப் பலகை மேடையில், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள். கீழே வெளிச்சமும் தும்புத்தடியும் போகக் கூடியதாக இருந்தால் எலி குடியிருக்காது. மேடைக் கால்களில் வழுக்கும் தகரத்தைக் கூம்பு போல் அடிக்கலாம். அரிசி, மா, பருப்பு ஆகியவற்றை மூடியுள்ள தகரப் பீப்பாயிலோ ரின்னிலோ வையுங்கள். நாய்க்கும் கோழிக்கும் வைத்த மிச்சச் சாப்பாட்டை இரவில் எடுத்துவிடுங்கள். வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குப் பற்றை, விறகு, பழைய கிடுகு எதுவும் இல்லாமல் துப்புரவாக்குங்கள். அரை அங்குல ஓட்டைக்குள்ளும் எலிக்குட்டி நுழையும் என்பதால் சுவரின் கீழ்ப் பொந்துகளைக் கல்லும் சீமெந்தும் போட்டு அடையுங்கள். தென்னையில் ஆளுயரத்துக்கு மேல் ஒன்றரை அடி அகலத் தகரத்தைச் சுற்றி அடித்தால் எலியும் அணிலும் ஏறாது. பக்கத்து மரத்து ஓலை முட்டாமற் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எலிப்பொறியும் எலிக்கூடும் நம் ஊரில் பழைய சாமான்கள்தான். ஆனால் ஒன்றை மட்டும் வைத்துவிட்டு எலி விழவில்லை என்பது சரியல்ல. எலி புதிய பொருளைச் சந்தேகிக்கும். முதல் இரண்டு, மூன்று இரவு பொறியைப் பூட்டாமல், சுட்ட தேங்காய்ச் சொட்டோ கருவாட்டுத் துண்டோ வைத்துப் பழக்குங்கள். பிறகு ஐந்தாறு பொறிகளை ஒரே இரவிற் பூட்டுங்கள். எலி சுவரை ஒட்டியே ஓடும். ஆகவே பொறியையும் சுவரை ஒட்டியே வைக்க வேண்டும். நாய், பூனையின் கால் மாட்டாதபடி மேலே ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து இருபுறமும் எலி போகும் வாசல் விடுங்கள். நான்கு அயல்வீட்டார் சேர்ந்து பொறிகளைப் பொதுவாக வாங்கி முறைவைத்துப் பாவித்தால் செலவும் குறையும்.

கூகையின் சத்தம் அபசகுனம் என்று கல்லெறிந்து துரத்துகிறோம். பனை வட்டிலும் பாழ் வீட்டிலும் இருக்கும் அந்தப் பறவை இரவிரவாக எலியையே வேட்டையாடுகிறது. மலேசியாவில் செம்பனைத் தோட்டக்காரர்கள் பெட்டி கட்டி அதை வளர்க்கிறார்கள். வயலில் ஒரு தடியின் தலையில் குறுக்குக் கட்டையொன்றைக் கட்டி நட்டால் அது வந்திருந்து வேட்டையாடும். சாரைப்பாம்பும் அப்படித்தான். நாம் நஞ்சு வைத்தால் இவையும் நஞ்சுண்ட எலியைத் தின்று சாகின்றன.

வைக்கத்தான் வேண்டுமென்றால்

சிலவேளை நஞ்சைத் தவிர வழி இருக்காது. அப்போது இவ்வாறு செய்யலாம். 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்ட, லேபல் உள்ள, முத்திரை உடையாத பைக்கற்றை மட்டும் வாங்குங்கள். உதிரியாகக் கடதாசியிற் சுற்றித் தந்தால் மறுத்துவிடுங்கள். எந்த மருந்து, எவ்வளவு என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

வீட்டுக்குள் தூளோ தானியமோ வேண்டாம். மெழுகுக் கட்டியே ஓரளவு பாதுகாப்பு. மூன்று அங்குல அகலமும் இரண்டடி நீளமும் உள்ள பீ.வீ.சீ. குழாயின் நடுவில் கட்டியைக் கம்பியால் இறுக்கிக் கட்டி, குழாயைச் சுவரோடு அசையாமற் பொருத்துங்கள். எலி போய்வரும், நாயின் வாய் எட்டாது, எலியும் கட்டியைக் காவிச் செல்லாது. குழாய் கிடைக்காவிட்டால் சீமெந்துக் கற்களை இரு வரிசையாக வைத்து மேலே பாரமான கல்லால் மூடலாம். எத்தனை கட்டி, எங்கே, எந்தத் திகதி என்று கொப்பியில் எழுதுங்கள். நாள்தோறும் காலையில், நாயை அவிழ்க்க முன்னரும் கோழியைத் திறக்க முன்னரும், செத்த எலிகளைத் தேடிப் பொலித்தீன் பையாற் பிடித்து எடுத்து, கிணற்றுக்குத் தூரமாக முழங்கால் ஆழத்தில் புதையுங்கள். எலி சாவது நின்ற பின்பும் இரண்டு கிழமைக்கு இந்தத் தேடுதலைத் தொடர வேண்டும்.

மிச்ச நஞ்சைக் குழியிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். நமது குடாநாடு சுண்ணக்கல் நிலம். மேலே கொட்டுவது கீழே நாம் குடிக்கும் தண்ணீரிற் சேரும். மிச்சத்தை அதன் பைக்கற்றிலேயே பூட்டி வையுங்கள். சோடாப் போத்தலிலோ பால்மா ரின்னிலோ மாற்றி வைக்க வேண்டாம். பிள்ளைகளின் கைக்கு மட்டுமல்ல, மனம் நொந்திருப்பவரின் கைக்கும் எட்டாத இடத்தில் இருக்கட்டும். இழப்பும் கடனும் நிறைந்த நமது வீடுகளில் இந்தப் பூட்டு பல உயிர்களைக் காக்கும்.

வைக்கும் முன்பு அயலவருக்குச் சொல்லுங்கள். வேலி நாய்க்குத் தடையல்ல. நமது எலியைப் பக்கத்து வீட்டுப் பூனை பிடிக்கும். வயலில் அகிழானுக்கு வைப்பதாயின் கமக்கார அமைப்பு மூலம் எல்லோரும் ஒரே நாளில், பயிர் குடலைப் பருவத்துக்கு வர முன்னர், வளைக்குள்ளே வைத்து மண்ணால் மூடினால் குறைந்த நஞ்சில் கூடிய பலன் கிடைக்கும். ஒருவர் மட்டும் வைத்தால் அடுத்த வரம்பிலிருந்து எலி வந்துகொண்டேயிருக்கும்.

எங்கள் வளவுக் குடும்பத்தினர் இப்போது நெல்லைப் பலகை மேடையில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு பழைய தகரப் பீப்பாய்களைத் தேடி எடுத்து விதை நெல்லை அதற்குள் போட்டிருக்கிறார்கள். பையன் நான்கு பொறிகளுக்குப் பொறுப்பு. முதல் மாதத்தில் எத்தனை எலி பிடித்தான் என்பதைச் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருக்கிறான். நெல்லியடியிலிருந்து ஒரு பூனைக்குட்டியும் வந்திருக்கிறது. வெள்ளையன் அதை முதல் நாள் உறுமியது, மறுநாள் முதுகில் ஏறவிட்டது. எலி இன்னும் சில இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அந்த வீட்டில் இப்போது நீலக் கட்டி இல்லை.

சுவரில் ஒட்டி வைக்க

1. லேபல் இல்லாத எலிமருந்தை வாங்க மாட்டோம்.
2. சோறு, கருவாடு, தேங்காய்ப்பூ ஆகியவற்றில் நஞ்சு பிசைய மாட்டோம்.
3. நஞ்சைத் திறந்த இடத்தில் வைக்க மாட்டோம். குழாய்க்குள் கட்டியே வைப்போம்.
4. செத்த எலியை நாள்தோறும் தேடிப் புதைப்போம்.
5. பிராணி நஞ்சுண்டால் பால், எண்ணெய், உப்புத்தண்ணீர் கொடுக்க மாட்டோம். பைக்கற்றோடு வைத்தியரிடம் போவோம்.
6. வைத்தியர் சொன்ன கடைசி நாள் வரை மருந்து கொடுப்போம்.
7. நஞ்சு வைக்கும் முன் அயலவருக்குச் சொல்வோம்.